நோய் அச்சமும் கேட்டறிதல் என்னும் மருந்தும்

(சென்னை சிந்தாதிரிப்பேட்டைப் பள்ளிவாசல் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துஆ கேட்டு என்னிடம் சில சீட்டுகள் வருகின்றன. பிள்ளையின் தேர்வு, மகளின் நிகாஹ், தீராத கடன், வெளிநாட்டுப் பயணம் ஆகியவையே பெரும்பாலும் அவற்றில் இருக்கும். சென்ற வாரம் வந்த சீட்டுகளில் ஒன்றில் பெயர் இல்லை. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதும் தெரியவில்லை. ஒரு சிறுவன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். 'உடம்பில் ஒரு கட்டி இருக்கிறது. என்னவென்று தெரியவில்லை. மூன்று மாதமாக உறக்கம் இல்லை. துஆச் செய்யவும்' என்று அதில் எழுதியிருந்தது. மற்றச் சீட்டுகளோடு அதனையும் சேர்த்து, நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபா வேண்டி துஆச் செய்துவிட்டு இல்லம் திரும்பினேன்.

இரவில் அந்தச் சீட்டை மறுபடியும் எடுத்துப் படித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. அதை எழுதியவர் கட்டி கரைய வேண்டும் என்று கேட்கவில்லை. என்னவென்று தெரியவில்லை என்கிறார். உறக்கம் இல்லை என்கிறார். அவரை வாட்டுவது கட்டியன்று, அது இன்னதென்று தெரியாத நிலை. மூன்று மாதங்களாகத் தெரியவில்லை என்றால், இந்த மூன்று மாதங்களில் அவர் எவரிடமும் அதனைக் காட்டவில்லை என்றே நான் கருதுகிறேன். அப்படியாயின் துஆ மட்டும் செய்து அவரை அனுப்பிவிடுவது இமாமாகிய என் கடமையை நிறைவேற்றியதாகாது. ஆகவே இன்றைய உரையை அந்தச் சகோதரருக்காகவோ சகோதரிக்காகவோ அமைத்துக்கொண்டேன். இந்தச் சபையில் அவர் ஒருவர் மட்டுமே அந்த நிலையில் இருக்கிறார் என்றும் நான் எண்ணவில்லை.

அன்பர்களே! முதலாவதாக ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். நோய் வந்துவிடுமோ என்று அஞ்சுபவனிடம், 'உனக்கு ஈமான் குறைவு, தவக்குல் இல்லை' என்று சொல்லிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாக இருக்கிறது. இது அறிவுரையன்று, காயத்தின் மேல் காயம். நபி மூஸா (அலை) அவர்களின் அன்னையாரை எண்ணிப் பாருங்கள். அஞ்ச வேண்டாம், கவலைப்பட வேண்டாம் என்று அல்லாஹ்வே அவர்களுக்கு அறிவித்திருந்தான். அதன் பின்னரும் குழந்தையை ஆற்றில் விட்ட அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்றும், அல்லாஹ் அதனை உறுதிப்படுத்தியிராவிட்டால் அவர்கள் உண்மையை வெளியிட்டிருக்கக் கூடும் என்றும் திருக்குர்ஆன் (28:10) தெரிவிக்கிறது. சூனியக்காரர்களின் கயிறுகளும் தடிகளும் நெளிந்தபோது நபி மூஸா (அலை) அவர்களே தம் உள்ளத்தில் அச்சத்தை உணர்ந்தார்கள் (20:67). அல்லாஹ் இவர்களைக் குறைகூறவில்லை. அச்சம் மனித இயல்பு.

ஆனால் அந்த அன்னையார் அடுத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் நமக்குரிய பாடம் இருக்கிறது. அஞ்சியவாறு மூலையில் அமர்ந்துவிடவில்லை. தம் மகளை அழைத்து, குழந்தையைப் பின்தொடர்ந்து சென்று பார்த்து வரும்படி அனுப்பினார்கள் (28:11). அதாவது, தெரியாததைத் தெரிந்துகொள்ள ஆளனுப்பினார்கள். அந்த மகள் தொலைவில் நின்று கவனித்ததனாலேயே தக்க தருணத்தில் ஒரு சொல் சொல்ல முடிந்தது; குழந்தையும் தாயிடம் திரும்பியது. அச்சம் அவர்களை விசாரிக்கத் தூண்டியது. அச்சத்தினால் விளையக்கூடிய நன்மை இதுவே.

பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றில் இந்தப் பொருளுக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. அண்ணலாரின் திருமேனியில் இரு தோள்களுக்கு இடையே நுபுவ்வத்தின் முத்திரை இருந்தது என்பதை நாம் அறிவோம். அது புறாவின் முட்டை அளவில், மேனியின் நிறத்திலேயே இருந்ததாக ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). அபூரிம்ஸா (ரலி) அவர்கள் தம் தந்தையாருடன் அண்ணலாரைக் காண வந்தபோது, அதனைக் கண்ட தந்தையார், தாம் ஒரு வைத்தியர் என்றும், முதுகில் உள்ளதைத் தமக்குக் காட்ட வேண்டும் என்றும் கேட்டார். அல்லாஹ்வே வைத்தியன் என்றும், நீர் பரிவு காட்டும் மனிதர் என்றும், அதனைப் படைத்தவனே அதன் வைத்தியன் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள் (அபூதாவூத்). அதே முத்திரையைத் தேடித்தான் ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் நாடு நாடாக அலைந்து மதீனா வந்து சேர்ந்தார்கள். அதைக் கண்டபோது அழுதார்கள். ஒருவருக்கு அது மருந்திட வேண்டிய கட்டியாகத் தோன்றியது. மற்றவருக்கு அது வாழ்நாள் தேட்டத்தின் விடையாக இருந்தது. வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டவரின் கண்ணே பார்த்த மாத்திரத்தில் தவறக்கூடும் என்றால், நள்ளிரவில் கண்ணாடி முன் நின்று தன் கட்டியைத் தானே பார்த்துத் தீர்ப்பளிப்பவனின் நிலை என்ன? பார்ப்பது வேறு, அறிவது வேறு.

இந்த ஹதீஸைக் காட்டி, அல்லாஹ்வே வைத்தியன் என்று பெருமானாரே கூறிவிட்டார்கள், பிறகு ஏன் மருத்துவமனை என்று கேட்பவர்களும் உள்ளனர். அங்கே நோய் இல்லை. ஆகவே மருத்துவமும் தேவைப்படவில்லை. நோய் இருந்த இடத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? உபை இப்னு கஃப் (ரலி) அவர்கள் நோயுற்றபோது தாமாகவே ஒரு வைத்தியரை அவரிடம் அனுப்பிவைத்தார்கள். அந்த வைத்தியர் நரம்பைக் கீறிச் சூடிட்டார் (முஸ்லிம்). மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர வேறெந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி அல்லாஹ் வைக்கவில்லை என்ற கருத்தில் பதில் கூறினார்கள் (அபூதாவூத், திர்மிதீ). அந்த மறுமொழியிலே வைத்தியரை ரஃபீக் என்று அழைத்திருப்பதையும் கவனியுங்கள். மென்மையானவர், பரிவுள்ள துணைவர் என்பது அதன் பொருள். வழக்கறிஞரைக் கண்டு அஞ்சுவது போல மருத்துவரைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். அண்ணலாரோ அவருக்குத் துணைவர் என்று பெயர் வைத்தார்கள்.

இனி, கேட்டறியாமல் இருப்பதன் ஆபத்தைச் சொல்லும் ஹதீஸ். ஒரு பயணத்தில் தோழர் ஒருவருக்குக் கல்லடிபட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். இச்செய்தி எட்டியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபமுற்றார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு நிவாரணம் கேட்டறிவதல்லவா என்ற கருத்தில் கண்டித்தார்கள் (அபூதாவூத்). நோயாளியைக் கொன்றது காயமன்று, அறியாதவர்களின் தீர்ப்பு.

நம் பேட்டையில் இத்தகைய தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. தேநீர்க் கடையில் ஒருவர் சுண்ணாம்பு தடவச் சொல்வார். மற்றொருவர் ஊசியைச் சுட்டுக் குத்தச் சொல்வார். கத்தி பட்டால் பரவிவிடும், தொடாதே என்று மூன்றாமவர் அச்சுறுத்துவார். மருத்துவ உலகம் ஏற்காத பேச்சு இது. ஓதிப் பார்ப்பது சுன்னத். அதனை எவரும் மறுக்கவில்லை. என்னிடமும் வாருங்கள், ஓதுகிறேன். ஆனால் அந்த ஓதலோடு மருத்துவரிடமும் செல்லுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதே நமக்குக் கற்பிக்கப்பட்டது.

அல்லாஹ்வின் அருளால் நாம் வாழும் இடம் மருத்துவத்திற்குத் தொலைவான இடமன்று. நெசவாளர்களுக்காக 1730களில் ஏற்படுத்தப்பட்ட சின்னத் தறிப் பேட்டை இது. கூவத்தின் வளைவுக்குள் இருக்கும் இங்கிருந்து ஆற்றைக் கடந்தால் அரசு பொது மருத்துவமனை. பறக்கும் ரயிலில் அடுத்த நிலையமே பூங்கா நகர். 1664ஆம் ஆண்டு கோட்டைக்குள் தொடங்கி, 1772 முதல் இப்போதைய இடத்தில் இயங்கிவரும் மருத்துவமனை அது. கடல் கடந்தும் மாநிலம் கடந்தும் மக்கள் சென்னைக்கு வைத்தியம் தேடி வருகிறார்கள். ஆற்றின் இக்கரையில் இருக்கும் நாம் மூன்று மாதம் உறக்கமின்றிப் படுத்திருக்கிறோம்.

அங்கே சென்றால் என்ன செய்வார்கள் என்ற கலக்கமும் சிலருக்குத் தடையாக இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவர் முதலில் விசாரிப்பார். பிறகு விரலால் தொட்டுப் பார்ப்பார். மெத்தென்று இருக்கிறதா, கல்லைப் போல் இறுகியிருக்கிறதா, தோலுக்கடியில் நகர்கிறதா, ஆழத்தில் ஒட்டியிருக்கிறதா என்பவற்றைக் கொண்டே பலவற்றை அவரால் சொல்லிவிட முடியும். தேவையானால் ஸ்கேன் எடுப்பார்கள். அல்லது மெல்லிய ஊசியால் சிறிது உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். சில வேளை சிறு துண்டு சதையை எடுத்துப் பரிசோதிப்பார்கள். தோலுக்கடியில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டிகளும் நீர்மப் பை போன்ற கட்டிகளுமே. அவை உயிருக்குத் தீங்கு செய்வதில்லை. கழுத்தில் நெறி கட்டினால் அது சாதாரணத் தொற்றாகவும் இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். நம் நாட்டில் நுரையீரலுக்கு வெளியே காசநோய் மிகுதியாகத் தாக்கும் இடம் நெறிகளே. அதற்கும் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து உண்டு. பெரும்பாலும் ஆறு மாதங்கள் தவறாமல் உட்கொண்டால் குணமாகிறது. வேகமாக வளர்கின்ற, இறுகிய, அசையாத கட்டியும், ஆறாத புண்ணும் உடனே காட்டப்பட வேண்டியவை. வலிக்கவில்லையே என்று எவரும் ஆறுதலடைந்துவிட வேண்டாம். தீய கட்டிகள் தொடக்கத்தில் வலிக்காமலும் இருக்கும்.

தையல் போட்ட இடத்தில் நீர் படக்கூடாதே, தொழுகை என்னாவது என்று கவலைப்படுவோருக்கும் ஷரீஅத்தில் வழி இருக்கிறது. கட்டின் மேல் மஸஹ் செய்வதும் தயம்மும் செய்வதும் அதற்காகவே உள்ளன. மத்ஹபுக்கு ஏற்பச் சில விவரங்கள் மாறுபடும், வந்து கேளுங்கள். தலையில் காயம்பட்ட அந்தத் தோழருக்கு மறுக்கப்பட்ட சலுகை உங்களுக்கு மறுக்கப்படாது.

விரைந்து செல்வதன் அவசியத்தை நம் முன்னோர்கள் இன்று நேற்று அறிந்தவர்கள் அல்லர். குர்துபாவில் வாழ்ந்து ஏறத்தாழ கி.பி. 1013இல் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்கள், 'அத்தஸ்ரீஃப்' என்னும் தமது 30 பாகங்கள் கொண்ட மருத்துவ நூலின் இறுதிப் பாகத்தை அறுவைச் சிகிச்சைக்காகவே ஒதுக்கினார்கள். புற்றுக் கட்டி சிறிதாகவும் தொடக்க நிலையிலும் முழுமையாக அகற்றக்கூடிய இடத்திலும் இருந்தால் அகற்ற வேண்டும் என்றும், நாட்பட்டுப் பெருத்துவிட்டதை நெருங்க வேண்டாம் என்றும், அத்தகையதைத் தாம் குணப்படுத்தியதில்லை என்றும் எழுதிவைத்தார்கள். தம்மால் இயலாததை ஒளிக்காமல் எழுதிய அந்த நேர்மை என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. இன்று மருத்துவம் எவ்வளவோ முன்னேறி, நாட்பட்டதற்கும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. எனினும் முன்னதாக வந்தவருக்கும் தாமதித்து வந்தவருக்கும் இடையே அன்று இருந்த வேறுபாடு இன்றும் இருக்கிறது.

சகோதரர்களே! இப்போது என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பெரியம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி தோன்றியது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மகளின் நிகாஹ் நிச்சயமாகியிருந்தது. இந்தச் செய்தி வெளியானால் மாப்பிள்ளை வீட்டார் தயங்குவார்களோ என்ற அச்சம். அந்நிய ஆண் மருத்துவர் முன் எப்படிச் செல்வது என்ற வெட்கம். நிகாஹ் முடியட்டும் என்று ஏழு மாதம் மறைத்துவைத்தார்கள். நிகாஹ் சிறப்பாக நடந்தது. வலீமாவுக்கு வந்திருந்தவர்களில் எவருக்கும், எனக்கும்தான், எதுவும் தெரியாது. அதற்கு அடுத்த ரமளான் நோன்பை நோற்க அவர்கள் இல்லை. பிறகு மருத்துவரைச் சந்தித்தபோது அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஏன் முன்பே அழைத்து வரவில்லை என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை.

வெட்கம் ஈமானின் கிளை. ஐயமில்லை. ஆனால் தன்னைத் தானே அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று (2:195) விலக்கிய மார்க்கம், வெட்கத்தின் பெயரால் உயிரை விடச் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே செல்வது முறை. கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை நம் ஃபுகஹாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி காயம்பட்டோருக்கு மருந்திட்டார்கள். போர்க்களங்களில் வீரர்களுக்குத் தண்ணீர் புகட்டியதையும் காயங்களைக் கவனித்ததையும் ருபைய்யிஃ பின்த் முஅவ்விஃத் (ரலி) அவர்கள் தாமே எடுத்துரைக்கிறார்கள் (புகாரீ). பெண்கள் ஆண்களுக்கு மருத்துவம் செய்ததைப் பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் கண்டிருக்கிறது.

ஆற்றின் அக்கரையில் இருக்கும் அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய இளைய சகோதரி 1923இல் புற்றுநோயால் மறைந்தார். அந்த நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே மருத்துவர் இருந்த குடும்பத்தில் நேர்ந்தது இது. அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதற்கு அதுவே வித்து. அடுத்த ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும் வரை அந்த வளாகமே வாழ்வாக இருந்தார். புற்றுநோய் என்ற சொல்லை மரணத்தின் மறுபெயராக்கும் வழக்கத்தை அவர் ஓயாமல் எதிர்த்தார். நாமோ இன்றும் அந்தப் பெயரை உச்சரிக்க அஞ்சி, 'கெட்ட நோய்' என்று குரலைத் தாழ்த்துகிறோம். பெயர் சொல்ல அஞ்சும் ஒன்றை மருத்துவரிடம் எப்படிச் சொல்வோம்?

இதுவரை மறைப்பவர்களைப் பற்றிப் பேசினேன். இதற்கு நேர்மாறான மற்றொரு சாரார் உண்டு. காட்டியவர்கள்; விடை பெற்றவர்கள்; ஆயினும் அமைதி பெறாதவர்கள். நம் பேட்டையில் அச்சகம் ஒன்றில் பணிபுரியும் சகோதரர் ஒருவர், பெயரைச் சொல்லாமல் தம் அனுபவத்தைக் கூறுமாறு அனுமதித்திருக்கிறார். அவருக்குப் பிடரியில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி இருந்தது. நெடுநாள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் புற்றுநோயால் இறந்த நாள் முதல் கை தானாக அங்கே செல்லத் தொடங்கியது. வேலை நடுவில் தொடுவார். ஸஜ்தாவிலிருந்து எழும்போது தொடுவார். அச்சகத்து அளவுகோலால் அளந்து பார்ப்பார். இரவெல்லாம் கைப்பேசியில் தேடிப் படிப்பார். படித்ததில் மிகக் கொடியது எதுவோ அதுவே தமக்கு என்று முடிவு செய்வார். அழுத்தி அழுத்திப் பார்த்ததால் அவ்விடம் சிவந்து வலித்தது. அந்தச் சிவப்பையே நோய் முற்றியதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். அச்சத்தால் நெஞ்சு படபடத்தது, பசி குறைந்தது, உடல் மெலிந்தது. மெலிந்ததும் மற்றொரு சான்றாயிற்று.

அவர் மருத்துவரிடம் சென்றார். ஊசிப் பரிசோதனை செய்து, வெறும் கொழுப்புக் கட்டி என்று கூறிவிட்டார்கள். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், மருத்துவர் தவறியிருந்தால் என்ற எண்ணம் எழுந்தது. வேறு மருத்துவர், அதே விடை, மறுபடி இரண்டு நாள். இப்படி மூன்று இடங்களில் சம்பளத்தைச் செலவழித்த பிறகு என்னிடம் வந்தார். எனக்கும் முதலில் அவருக்கு என்ன சொல்வதென்று விளங்கவில்லை. பிறகு அவரிடம், "வுளூவில் உங்களுக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

தொழுகையில் இருக்கும் ஒருவருக்குக் காற்றுப் பிரிந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தால், சப்தத்தைக் கேட்கும் வரை அல்லது வாடையை உணரும் வரை தொழுகையை விட்டுத் திரும்ப வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). இதிலிருந்து நம் இமாம்கள் வகுத்த விதி, உறுதியானது சந்தேகத்தால் நீங்குவதில்லை என்பது. வுளூச் செய்தது உறுதி, முறிந்தது ஐயம், ஆகவே வுளூ நிலைத்திருக்கிறது. இதனை அந்தச் சகோதரரின் நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். கற்றறிந்தவர் பரிசோதித்துச் சொன்னது அவருடைய உறுதி. இருக்குமோ என்று இரவில் எழுவது ஐயம். அந்த ஐயம் புதிய சான்று எதனையும் கொண்டுவரவில்லை; பழைய அச்சத்தை மட்டுமே திரும்பக் கொண்டுவருகிறது. அதற்காக உறுதியை விட்டுவிட வேண்டியதில்லை. கட்டி உண்மையாகவே வளர்ந்தால், இறுகினால், நிறம் மாறினால் அது சப்தமும் வாடையும் போன்றது. அப்போது மீண்டும் செல்வது கடமை. ஆகவே மருத்துவரிடமிருந்து எழுந்து வருமுன், 'எந்த மாற்றத்தைக் கண்டால் நான் திரும்பி வர வேண்டும்?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் இல்லாத எதற்கும் அஞ்ச வேண்டாம்.

ஆனால் ஒன்று. இந்த விதியை இன்னும் மருத்துவரிடம் காட்டாதவர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ள முடியாது. வுளூவே செய்யாதவர், என் வுளூ முறியவில்லை என்று சொல்ல இயலுமா? முதலில் உறுதியைத் தேடிப் பெற வேண்டும். அதன் பிறகே அதைப் பற்றிக்கொள்ள முடியும்.

வஸ்வாஸ் என்று நாம் கூறும் இந்த ஊசலாட்டத்தைப் பற்றிப் பல்க் நகரைச் சார்ந்த அபூஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கி.பி. 934இல் மறைந்த அப்பெரியாரின் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூல் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்துப் பேசுகிறது. உடல் நோயுற்றால் உள்ளம் வாடும், உள்ளம் நோயுற்றால் உடல் வாடும் என்பது அவர்களது கருத்து. திடீர் நோய்க்காக வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, மனம் தெளிவாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்து, கலக்கம் வரும்போது எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். இன்றைய மனநல மருத்துவமும் நோய் பற்றிய இடையறாத அச்சத்தைத் தனி ஒரு கோளாறாக ஏற்றிருக்கிறது. தொட்டுப் பார்ப்பதைக் குறைத்தல், மீண்டும் மீண்டும் பிறரிடம் உறுதி கேட்பதை நிறுத்துதல், எழுந்த எண்ணத்தை ஆராய்ந்து அதற்கு மறுமொழி கூறுதல் ஆகியவற்றைப் பயிற்றுவிக்கிறது. அச்சகத்துச் சகோதரர் அளவுகோலைக் கையிலெடுப்பதை முதலில் விட்டார். பிறகு, கை பிடரிக்குச் செல்லும்போதெல்லாம் அதைக் கீழே இறக்கித் தஸ்பீஹ் ஓதப் பழகினார். முழுமையாக விட்டுவிட்டாரா என்றால் இல்லை. தொழுகை முழுவதும் தொடாமல் இருந்தேன் என்று சென்ற மாதம் மகிழ்ச்சியோடு சொன்னார். இவ்வாறு தனித்து முயன்றும் இயலாதவர்கள் மனநல மருத்துவரை நாடுவதில் இழுக்கு எதுவுமில்லை. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 14416 என்ற எண்ணில் தொலைபேசியிலேயே இலவச ஆலோசனை கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

பரிசோதனைக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நாட்களே மிகக் கடினமானவை. அந்நாட்களில் வீட்டார் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். ஒன்றுமில்லை, சும்மா இரு என்று அடக்குவது ஒன்று. கூடி அமர்ந்து அழுவது மற்றொன்று. அருகில் அமர்ந்து கேட்டால் போதும். களைப்பு, நோய், கவலை, துக்கம், காலில் தைக்கும் முள் ஆகிய எதுவாயினும் அதன் மூலம் முஸ்லிமின் பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன என்ற ஹதீஸில் (புகாரீ) கவலையும் இடம்பெற்றிருப்பதை நோயாளிக்கு நினைவூட்டுங்கள். நோயே இல்லை என்று முடிவு வந்தாலும் இந்தக் கவலைக்குக் கூலி உண்டு. மரணத்தை வேண்டுவது தடுக்கப்பட்டிருக்கிறது. வாழ்வு நன்மையாக உள்ள வரை வாழச் செய்யுமாறு கேட்பதே கற்றுத்தரப்பட்ட துஆ. முன்பே வந்திருந்தால் என்று நோயாளியைக் குத்திக் காட்டாதீர்கள். 'இருந்தால்' என்ற சொல் ஷைத்தானுக்கு வாசலைத் திறக்கிறது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (முஸ்லிம்). பெரியம்மாவின் கடைசி நாட்களில் நாங்கள் அந்தச் சொல்லைப் பலமுறை பயன்படுத்திவிட்டோம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக!

முடிவு நாம் விரும்பாததாக இருந்தால்? ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னும் இடத்திலிருந்து படையைத் திருப்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள் (புகாரீ). நோயும் விதி, மருந்தும் விதி, மருத்துவரின் கையும் விதி.

பெயர் எழுதாமல் சீட்டு அனுப்பியவரே! நீங்கள் இந்தச் சபையில் இருந்தாலும், இல்லத்தில் இருந்து இதனைக் கேட்டாலும், வரும் திங்கட்கிழமை காலை மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தனியாகச் செல்ல அச்சமாயின் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் ஒரு சொல் சொல்லுங்கள். நானே உடன் வருகிறேன். பெண்ணாக இருந்தால் என் வீட்டாரிடம் தகவல் கொடுங்கள். புறநோயாளிச் சீட்டு வாங்குவதிலிருந்து திரும்பும் வரை அவர்கள் உங்களுடன் இருப்பார்கள். எவரிடமும் சொல்லப்பட மாட்டாது.

யா அல்லாஹ்! வரவிருப்பதைப் பற்றிய கவலையிலிருந்தும் சென்றுவிட்டதைப் பற்றிய துக்கத்திலிருந்தும் எங்களைக் காப்பாயாக! இந்தச் சீட்டை எழுதிய உன் அடியாருக்கு உறக்கத்தைத் திருப்பித் தருவாயாக! அவருடைய கட்டியில் தீங்கு இல்லாமல் ஆக்குவாயாக! தீங்கு இருக்குமாயின் அது சிறிதாக இருக்கும்போதே வெளிப்படுத்தி, ஷிஃபாவை எளிதாக்குவாயாக! மறைத்து வைத்தே மண்ணறை சென்ற எங்கள் தாய்மார்களுக்கு மஃபிரத்தை வழங்குவாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!